2 லட்சம் டாலர் கேட்சர்: கியூபா இளைஞர்களை அமெரிக்க பேஸ்பால் அணிகள் எப்படி ஒப்பந்தம் செய்கின்றன?

2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் ஏஞ்சல்ஸ் அணி 17 வயது இளைஞர் ஒருவரை கேட்சராக ஒப்பந்தம் செய்தது. பெயர் எட்கர் கேரோ. கியூபாவின் தென்கரையில் உள்ள சியன்ஃபுவேகோஸைச் சேர்ந்தவர். கையெழுத்துக்கு அவருக்குக் கிடைத்தது 2 லட்சம் டாலர். பேஸ்பால் உலகத்தில் இது சில்லறைக் காசு. அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே ஓரத்தில் ஒரு வரியாகத்தான் வந்தது.

நான்கு வருடம் கழித்து, 2025 ஏப்ரலில், அதே இளைஞர் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 22.

இதே சியன்ஃபுவேகோஸ் பகுதியிலிருந்து வந்த ஹோசே அப்ரேயுவுக்கு 2013-ல் கிடைத்த ஒப்பந்தம் 6.8 கோடி டாலர். அதே பகுதியின் யோவான் மொன்காடாவுக்கு 2015-ல் கையெழுத்துத் தொகை மட்டும் 3.15 கோடி டாலர். ஒரே மண், ஒரே விளையாட்டு. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கியூபா பையன் நேராகப் போய் அமெரிக்க அணியில் சேர முடியாதா? அதுவும் ஏன் கேட்சர்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேட்சருக்கு என்ன வேலை?

நம்ம கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கிற மாதிரி, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்சர். ஆனால் ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது. கீப்பருக்கு பந்துவீச்சாளர் என்ன போடப்போகிறார் என்பதை யூகித்தால் போதும். கேட்சரோ அடுத்த பந்து என்ன, எங்கே என்று பிட்சருக்கு சிக்னல் கொடுப்பவர். வேகப்பந்தா, வளைந்து விழும் பந்தா, உள்ளேயா, வெளியேயா என்று ஒரு ஆட்டத்தில் 140 முறைக்கு மேல் கை விரலாலோ, 2022 முதல் பயன்பாட்டில் உள்ள மின்னணுக் கருவியாலோ சொல்ல வேண்டும். பிட்சர் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

தரையில் குத்தி வரும் பந்தை உடம்பால் தடுப்பதும் அவர் வேலைதான். எதிரணி ஆட்டக்காரர் செகண்ட் பேஸைத் 'திருட' ஓடினால், உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து சுமார் 127 அடி, அதாவது 39 மீட்டர் தூரம் பந்தை எறிய வேண்டும். பந்து கையுறையில் விழுந்ததிலிருந்து செகண்ட் பேஸில் இருப்பவர் கைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம் 2 நொடி என்றால் அது சராசரி. 1.9 என்றால் ஸ்கவுட்டுகள் நோட்டுப் புத்தகத்தை எடுப்பார்கள்.

2023-ல் பேஸ்களைப் பெரிதாக்கினார்கள். பேஸில் நிற்பவரை மிரட்ட பிட்சர் பந்தைத் திருப்பி எறிவதற்கும் வரம்பு வைத்தார்கள். விளைவு? 2022-ல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு, ஒரே வருடத்தில் 3,503 ஆக ஏறியது. கேட்சரின் கைக்கு மதிப்பும் கூடியது.

எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்தவரை ஏன் கேட்சராக்குகிறார்கள்?

பலரும் பிறவியிலேயே கேட்சர் இல்லை. அணிகள் ஆக்குவதுதான். நியூயார்க் யாங்கீஸின் ஹோர்ஹே போசாடா செகண்ட் பேஸ்மேனாக வந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பஸ்டர் போசி கல்லூரியில் முதலில் ஷார்ட்ஸ்டாப். வெனிசுவேலாவின் வில்சன் கான்ட்ரேராஸ் தேர்ட் பேஸில் ஆடிக்கொண்டிருந்தவர்; சிகாகோ கப்ஸ் அணியில் சேர்ந்த பிறகுதான் கேட்சர் கவசத்தை மாட்டினார்.

காரணம் எளிது. இன்ஃபீல்டில் நன்றாக ஆடுகிற பையனிடம் கேட்சருக்கு வேண்டிய மூலப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது: பந்தை மென்மையாக வாங்கும் கை, வேகமான கால், வலுவான தோள். உட்காருவதையும் சிக்னல் கொடுப்பதையும் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தனுக்குத் தோளை வளர்த்துக்கொடுக்க முடியாதே!

எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 162 ஆட்டம் கொண்ட சீசனில் ஒரு கேட்சரை எல்லா நாளும் உட்கார வைத்தால் முட்டி தாங்காது. முன்னணி கேட்சர்கள்கூட 110, 120 ஆட்டத்தில்தான் பிளேட்டுக்குப் பின்னால் இருப்பார்கள். மீதி நாளில் என்ன செய்வது? நன்றாக அடிக்கத் தெரிந்தால் ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தலாம். அல்லது ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும் செய்கிற டிஎச் ஆக இறக்கலாம். 2022 முதல் இரண்டு லீகுகளிலுமே டிஎச் உண்டு. 26 பேர் மட்டுமே உள்ள பட்டியலில், ஒருவரே இரண்டு வேலை பார்த்தால் அணிக்கு ஓர் இடம் மிச்சம்.

கேரோவுக்கு நடந்ததும் இதுதான். 2025-ல் வைட் சாக்ஸில் அவரோடு கைல் டீல் என்ற இன்னொரு இளம் கேட்சரும் வந்து சேர்ந்தார். ஒருவர் கேட்ச் பிடிக்கும்போது மற்றவர் டிஎச் ஆக அடிக்கலாம். கேரோ இரண்டு கையாலும் பேட் செய்பவர் என்பதால், இடக்கை பிட்சர் வந்தாலும் வலக்கை பிட்சர் வந்தாலும் அவரை உட்கார வைக்க வேண்டியதில்லை.

2 லட்சம் எப்படி முடிவானது?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. திறமை முக்கியம்தான். ஆனால் விலையைத் தீர்மானிப்பவை இன்னும் மூன்று: வயது, வசிக்கும் நாடு, கையெழுத்திடும் தேதி.

முதலில் நாடு. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிகோவில் வசிக்கும் இளைஞர்கள் 'டிராஃப்ட்' வழியாக வருவார்கள். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். மற்ற நாட்டவர் சர்வதேச ஒப்பந்தம் வழியாக வருவார்கள். பிறந்த நாடு இதில் கணக்கே இல்லை. யாஸ்மானி கிராண்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹவானாவில் பிறந்த கேட்சர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு மயாமிக்கு வந்துவிட்டார். அதனால் 2010 டிராஃப்டில் சின்சினாட்டி ரெட்ஸ் அவரை 12-வது ஆளாக எடுத்தது. மற்ற அமெரிக்க மாணவர்களைப் போலவே.

அடுத்தது வயதும் தேதியும். இப்போதைய விதிப்படி, 25 வயது நிரம்பியவராகவும் வெளிநாட்டு லீகில் 6 வருடம் ஆடியவராகவும் இருந்தால் எந்த அணியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2013-ல் அப்ரேயு 26 வயது நட்சத்திரம். அன்றிருந்த விதியிலும் அவருக்கு உச்சவரம்பு கிடையாது. எனவே 6.8 கோடி, 6 வருட ஒப்பந்தம்.

அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒவ்வோர் அணிக்கும் ஒரு 'பூல்' உண்டு. வருடத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற வரம்பு. முன்பெல்லாம் வரம்பைத் தாண்டி அபராதம் கட்டிவிடலாம். மொன்காடாவுக்கு 3.15 கோடி கொடுத்த பாஸ்டன் ரெட் சாக்ஸ், அதே அளவு தொகையை அபராதமாகவும் கட்டியது. 2017 மே மாதம் லூயிஸ் ராபர்ட்டுக்கு வைட் சாக்ஸ் 2.6 கோடி கொடுத்தது. அதுதான் கடைசி ரயில். சில வாரங்களில், அந்த ஜூலை முதல், வரம்பைத் தாண்டவே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்போது எவ்வளவு? 2025-ல் ஒரு அணியின் மொத்த பூல் சுமார் 51 லட்சம் முதல் 75 லட்சம் டாலர் வரை. ஒரு வருடத்தில் உலகம் முழுக்க எடுக்கும் எல்லா இளைஞர்களுக்கும் சேர்த்து! அதாவது 2015-ல் மொன்காடா ஒருவர் வாங்கிய தொகையில் கால் பங்குகூட இல்லை. அந்தப் பையிலிருந்துதான் கேரோ போன்றவர்களுக்கும் பணம் வருகிறது. அப்ரேயுவின் 6.8 கோடி, கேரோவின் 2 லட்சத்தைப் போல 340 மடங்கு. அப்ரேயு நிரூபிக்கப்பட்ட வீரர் என்பது ஒரு காரணம். அவர் சரியான வயதில், சரியான வருடத்தில் வந்தார் என்பது இன்னொரு காரணம்.

ஹவானாவிலேயே கையெழுத்து போட முடியாதா?

முடியாது. 1961-ல் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. 1962-ல் அமெரிக்கா கியூபா மீது முழு வர்த்தகத் தடை போட்டது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. கியூபாவில் வசிக்கும் ஒருவருக்கு அமெரிக்க நிறுவனம் சம்பளம் கொடுப்பது சட்டப்படி குற்றம். பேஸ்பால் அணியும் நிறுவனம்தானே?

எனவே வீரர் முதலில் கியூபாவை விட்டு வெளியேற வேண்டும். மெக்சிகோ, டொமினிகன் குடியரசு, ஹைட்டி என வேறொரு நாட்டில் நிரந்தரமாகக் குடியேறியதாகக் காட்ட வேண்டும். அதன் பிறகே மேஜர் லீக் அவரை ஒப்பந்தத்துக்குத் தகுதியானவர் என்று அறிவிக்கும்.

2013-ல் கியூபா அரசு வெளியேறும் அனுமதிச் சீட்டு முறையை நீக்கியதால், சாதாரணக் குடிமக்கள் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏற முடிகிறது. ஆனால் தேசிய அளவில் பெயர் வாங்கிய விளையாட்டு வீரர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அவர்களில் பலர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும்போது அணியை விட்டு நழுவிவிடுகிறார்கள். 2021-ல் மெக்சிகோவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போன கியூபா அணியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவில்லை.

இன்னும் சிலர் கடத்தல்காரர்களை நம்பிப் படகு ஏறுகிறார்கள். அப்ரேயு 2013-ல் படகில் ஹைட்டிக்குப் போனவர். அங்கிருந்து போலி பாஸ்போர்ட்டில் மயாமிக்கு விமானம் ஏறினார். நடுவானில் அந்த பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கிழித்து, பீரோடு விழுங்கியதாக 2017-ல் மயாமி நீதிமன்றத்தில் அவரே சாட்சி சொன்னார். வீரர்களைக் கடத்தியதாக நடந்த அந்த வழக்கில் ஒரு ஏஜென்டும் ஒரு பயிற்சியாளரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வீரருக்கு ஒப்பந்தம் கிடைத்தால் அதில் ஒரு பங்கு கடத்தியவர்களுக்கு. இதுதான் அந்த வியாபாரம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. சட்டவிரோதமாக வெளியேறியவர்கள் பொதுவாக 8 வருடம் நாட்டுக்குள் வர முடியாது. பிரையன் பேனியா என்ற கேட்சர் 1999-ல் வெனிசுவேலாவுக்குப் போன இளையோர் அணியிலிருந்து விலகியபோது அவருக்கு வயது 17. அவர் மீண்டும் ஹவானாவில் கால் வைத்தது 2015 டிசம்பரில், மேஜர் லீக்கின் நல்லெண்ணப் பயணத்தில். அதே பயணத்தில்தான் அப்ரேயுவும் தன் மகனைப் பார்த்தார். அவர் கிளம்பியபோது அந்தக் குழந்தைக்கு 2 வயது.

இதை மாற்ற யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். 2018 டிசம்பர் 19-ல் மேஜர் லீக்கும் கியூபா பேஸ்பால் கூட்டமைப்பும் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஜப்பான், தென்கொரிய வீரர்களை எடுப்பது போன்ற ஏற்பாடுதான். வீரர் கியூபாவை விட்டு ஓட வேண்டாம். விசா வாங்கி வரலாம், ஆடலாம், திரும்பிப் போகலாம். அவரை விடுவிப்பதற்காக அமெரிக்க அணி கூட்டமைப்புக்கு ஒரு கட்டணம் கொடுக்கும். இளம் வீரர் என்றால் கையெழுத்துத் தொகையில் 25 சதவீதத்துக்குச் சமமான தொகை. அதை அணி தனியாகக் கொடுக்கும். வீரர் பணத்தில் கை வைக்காது.

2019 ஏப்ரல் 2-ல் கியூபா 34 இளம் வீரர்கள் பட்டியலை வெளியிட்டது. ஆறே நாள்தான். ஏப்ரல் 8-ல் டிரம்ப் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கூட்டமைப்பு கியூபா அரசின் ஒரு பகுதி, அதற்குப் பணம் கொடுப்பது அரசுக்கே கொடுப்பதாகும் என்பது வாஷிங்டனின் வாதம். முந்தைய ஒபாமா அரசு அப்படிக் கருதவில்லை. ஆள் கடத்தலை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றது மேஜர் லீக். 25 வயதுக்குட்பட்டவரை விடுவதா வேண்டாமா என்பதை கூட்டமைப்பே முடிவு செய்யும் என்ற விதி, வீரரின் சுதந்திரத்தை அரசின் கையில் கொடுக்கிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ரத்தானதால் பழைய வழிதான் மிஞ்சியது.

வேறு வழியே கிடையாதா?

ஒன்று இருக்கிறது. அது டோக்கியோ பக்கம் போகிறது. ஜப்பானுக்கும் கியூபாவுக்கும் இடையே வர்த்தகத் தடை எதுவும் இல்லை. 2014 முதல் கியூபா கூட்டமைப்பே தன் வீரர்களை ஜப்பான் அணிகளுக்கு அனுப்புகிறது.

அப்படிப் போன கேட்சர்தான் அரியேல் மார்ட்டினெஸ். மட்டன்சாஸ் ஊர்க்காரர். 2018-ல் சுனிச்சி டிராகன்ஸ் அணி அவரை 'வளர்ப்பு வீரர்' என்ற கடைநிலை ஒப்பந்தத்தில் எடுத்தது. ஜப்பானில் வெளிநாட்டு கேட்சர் என்பது மிக அபூர்வம். பிட்சரிடம் நிமிடத்துக்கு நிமிடம் பேச வேண்டிய வேலையை மொழி தெரியாதவரிடம் யார் கொடுப்பார்கள்? மார்ட்டினெஸ் இரண்டு வருடம் காத்திருந்தார். 2020 ஜூலையில் முதல் அணிக்கு வந்தார், கேட்சராகவே ஆடினார். லெஃப்ட் ஃபீல்டிலும் ஃபர்ஸ்ட் பேஸிலும்கூட நின்றார். பிறகு நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் அணிக்கு மாறி, 2023-ல் 15 ஹோம் ரன் அடித்தார். அதே வருடம் உலக பேஸ்பால் கிளாசிக்கில் கியூபாவின் கேட்சரும் அவர்தான்.

ஊரை இழக்காமல் ஆட முடிகிறது. அதுதான் இந்த வழியின் பலம். ஆனால் யார் போகலாம் என்பதை கூட்டமைப்புதான் தீர்மானிக்கிறது; வருமானத்தில் அதற்கும் ஒரு பங்கு போகிறது. அமெரிக்காவின் இழுப்பும் குறையவில்லை. சாஃப்ட்பேங்க் ஹாக்ஸில் இருந்த ஆஸ்கர் கோலாஸ் அந்த வழியை விட்டு விலகினார். 2022 ஜனவரியில் வைட் சாக்ஸ் அவருக்கு 27 லட்சம் டாலர் கொடுத்தது.

கேரோவால் ஏஞ்சல்ஸுக்கு என்ன லாபம்?

இதுதான் கதையின் வினோதமான பகுதி. 2022-ல் 19 வயது கேரோ, ஏஞ்சல்ஸின் கீழ்நிலை அணியான இன்லாண்ட் எம்பயரில் .312 சராசரி, 17 ஹோம் ரன் அடித்து கலிஃபோர்னியா லீகின் சிறந்த வீரர் ஆனார். அடுத்த வருடம் ஒரு படியைத் தாண்டி நேராக டபுள்-ஏ நிலைக்குப் போனார்.

2023 ஜூலை கடைசி. ஷோஹெய் ஓடானியின் ஒப்பந்தம் முடியப்போகிறது. அவர் இருக்கும்போதே பிளேஆஃபுக்குப் போய்விட வேண்டும் என்று ஏஞ்சல்ஸ் துடித்தது. லூக்காஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ் என்ற இரண்டு பிட்சர்களை வைட் சாக்ஸிடமிருந்து வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது கேரோவையும் இன்னொரு இளம் பிட்சரையும். ஆகஸ்டில் ஏஞ்சல்ஸ் தோற்றுக்கொண்டே போனது. மாதக் கடைசியில் செலவைக் குறைக்க அந்த இரண்டு பிட்சர்களையும் விட்டுவிட்டது, கிளீவ்லாண்ட் அள்ளிக்கொண்டது. 2 லட்சத்தில் வாங்கி வளர்த்த கேட்சர் ஒரு மாத வாடகைக்குப் போனார் என்று சொன்னால் தப்பில்லை.

வைட் சாக்ஸுக்கு அது லாபம். 2024-ல் 121 தோல்வி கண்டு நவீன மேஜர் லீக்கின் மோசமான சாதனையைப் படைத்த அணி அது. இளைஞர்களுக்கு இடம் காலியாக இருந்தது. கேரோவுக்கும் கதவு திறந்தது. 2025-ல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7.6 லட்சம் டாலர். கையெழுத்துத் தொகையைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனால் கீழ்நிலை அணிகளில் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. அவர்களுக்குக் கையெழுத்துத் தொகைதான் முதலும் கடைசியுமான பெரிய பணம். அதனால்தான் பூல் வரம்பு என்பது வெறும் கணக்குப் பிரச்னை இல்லை.

இனி என்ன மாறும்?

2026 சீசனிலிருந்து அம்பயரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை கேமரா மூலம் சரிபார்க்கக் கேட்கும் முறை வருகிறது. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியாக இருந்தால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே கேட்கலாம். ஓரத்துப் பந்தை நைசாக உள்ளே இழுத்து ஸ்ட்ரைக் வாங்கும் 'ஃப்ரேமிங்' கலையின் மதிப்பு இதனால் கொஞ்சம் குறையக்கூடும். எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்த, பேட்டும் பிடிக்கத் தெரிந்த கேட்சருக்குக் கிராக்கி கூடும்.

அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. வெளிநாட்டு இளைஞர்களுக்கும் டிராஃப்ட் வேண்டும் என்று உரிமையாளர்கள் ஏற்கெனவே கேட்டவர்கள். 2022-ல் பேச்சு முறிந்தது. மறுபடியும் அது மேஜைக்கு வரலாம். ஆனால் டிராஃப்ட் வந்தாலும் கியூபா இளைஞரின் முதல் பிரச்னை தீராது. அதைத் தீர்க்க வேண்டியது வாஷிங்டனும் ஹவானாவும்தான்.

ஒவ்வொரு ஜனவரி 15-ம் தேதியும் சர்வதேச ஒப்பந்தச் சாளரம் திறக்கும். அன்றைக்கு "கியூபா கேட்சர் ஒப்பந்தம்" என்று ஒரு வரிச் செய்தி கண்ணில் பட்டால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்: பையனுக்கு என்ன வயது, எந்த நாட்டு முகவரியில் கையெழுத்து போட்டிருக்கிறான், எவ்வளவு தொகை. அணி எதை வாங்கியது என்பதை அந்தத் தொகை சொல்லும். வீட்டையும் ஊரையும் விட்டு வந்து அவன் எதைக் கொடுத்தான் என்பதை அந்த முகவரி சொல்லும்.